என் பெயரில் அச்சான கட்டுரை

பள்ளி ஆண்டு மலர் என் மேசையில் கிடக்கிறது. பளபளப்புத் தாள். பிரித்தால் மை வாடையும் பசை வாடையும் இன்னும் மூக்கில் ஏறுகின்றன. தாளாளரின் வாழ்த்து, முதல்வரின் வாழ்த்து, மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் தலைகள் எல்லாவற்றையும் தாண்டினால் நடுவில் நீ இருக்கிறாய். ஆசிரியர் நாள் குழுப்படத்திலிருந்து உன்னை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டியவருக்கு அவசரம் போலிருக்கிறது. உன் தோளுக்குப் பக்கத்தில் என் பச்சைச் சேலையின் ஓரம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. படத்துக்குக் கீழே ஒரு பக்கக் கட்டுரை. "கடமையே உயிர்மூச்சு" என்று தலைப்பு. கட்டுரையின் அடியில் என் பெயர்.

அதில் ஒரு வரிகூட நான் எழுதியதில்லை.

நீ இருந்திருந்தால் இதை உன்னிடம் கத்தித் தீர்த்திருப்பேன். நீயும், "ஏ சங்ககிரி, மெதுவா பேசு, சுவத்துக்கு அந்தப் பக்கம் பிரின்சிபால் ரூம்" என்றிருப்பாய். இப்போது கத்த ஆளில்லாததால் எழுதுகிறேன். ஆனால் கோபம் மட்டும் காரணமில்லை. போன வாரம் உன் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நீங்க எழுதுனதைப் படிச்சேன். படிச்சு அழுதுட்டேன். உங்க பிரின்சிபால் அப்பாகிட்டப் பேசினாரு. எங்கக்கா இடத்துக்கு என்னை வரச் சொல்றாங்க. எனக்கு யோசனையாத்தான் இருந்துச்சு. இதைப் படிச்சதும் முடிவு பண்ணிட்டேன். ஜூன்ல வந்து சேந்துடறேன்."

"எதுலயும் கையெழுத்துப் போட்றாத. நான் ஊருக்கு வாரேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

என் பெயர் போட்ட பொய் ஒன்று உன் தங்கையை அதே நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறது. நேற்று உன் ஊர் கெங்கவல்லிக்குப் போய் அவளைப் பார்த்தேன். அங்கே நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நீ எப்போதும் சொல்வாய்: "முடிவுரையிலேர்ந்து ஆரம்பிக்காத." சரி, முதலிலிருந்தே வருகிறேன்.

சேலம் அஸ்தம்பட்டியில் பி.எட். படித்தபோது விடுதியில் நமக்கு ஒரே அறை. நான் "வாரேன்" என்றால் நீ சிரிப்பாய். நீ "வரேன்" என்றால் நான், "என்னமோ மெட்ராஸ்ல பொறந்தவளாட்டம்" என்பேன். நான் சங்ககிரி லாரிப் பட்டறைப் பக்கத்துப் பெண். நீ மக்காச்சோளக் காட்டுப் பெண். அதனால் நீ என்னைச் சங்ககிரி என்றாய், நான் உன்னைக் கெங்கவல்லி என்றேன். ஒரே மாவட்டத்தின் இரண்டு ஓரங்கள். படித்து முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுதிவிட்டு, அரசு வேலை வரும்வரை என்று சொல்லிக்கொண்டு இந்த நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் தமிழாசிரியர்களாகச் சேர்ந்தோம். 'வரும்வரை' என்ற சொல்லுக்கு எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியாது.

இந்தப் பள்ளிகளை, மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை அடைத்து வளர்க்கும் பிராய்லர் பள்ளி என்று பட்டணத்துக்காரர்கள் கிண்டல் செய்வதை நீ வெறுத்தாய். "அப்படிச் சொல்றவங்க கோழியையும் கிட்டப் போய்ப் பாக்கல, புள்ளைங்களையும் கிட்டப் போய்ப் பாக்கல" என்றாய். உன் கோபம் வேறு இடத்தில் இருந்தது. சேர்ந்த முதல் வாரமே முதல்வர் நம் இருவர் கையிலும் ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொடுத்தாரே, அதில் இருந்தது. சாலைப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல், நூலகத்தின் பயன், உழவின் பெருமை, ஆசிரியர் பணி. ஐந்து கட்டுரைகள். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் தயார்.

"எந்தத் தலைப்பு வந்தாலும் இந்த அஞ்சுல ஒண்ணுக்கு வளைச்சுட்டு வந்துரோணுமுங்க. பசங்க யோசிக்க ஆரம்பிச்சா டைம் பத்தாது" என்றார் முதல்வர்.

நான் அதைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ மட்டும் கேட்டாய்: "சார், வருணிக்கச் சொன்னா?"

"வருணனையும் கட்டுரைதான மிஸ்?"

"அண்டாவும் பாத்திரம், கரண்டியும் பாத்திரம் சார். கரண்டில சோறு வடிக்க முடியுமா?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். புதிதாக வந்த பெண், போகப் போக அடங்கிவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

காலாண்டுத் தேர்வில் வெளியிலிருந்து வந்த வினாத்தாளில் 'உங்கள் ஊர்ச் சந்தையை வருணித்து எழுதுக' என்று கேட்டிருந்தார்கள். நீ ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாய். பிறகு எழுந்து நின்று ஆசிரியர் அறைக்கே கேட்கும்படி படித்தாய். "எங்கள் ஊரில் ஒரு சந்தை உண்டு. சந்தைக்குச் செல்ல நாம் சாலையைக் கடக்க வேண்டும். சாலையைக் கடக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய விதிகள் யாவை எனில்..." அதற்குப் பிறகு முழுக்கச் சாலைப் பாதுகாப்பு. முடிவுரையில் மட்டும் பையனுக்குச் சந்தை ஞாபகம் வந்துவிட்டது. "ஆகவே தலைக்கவசம் அணிந்து சந்தைக்குச் செல்வோம், இன்னுயிர் காப்போம்." கணக்கு வாத்தியார் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு உன் முகம் மாறியது. "அவங்கப்பா மாட்டு வியாபாரி. இவன் சந்தையிலேயே வளந்தவன்" என்றாய்.

அவனைக் கூப்பிட்டாய். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சந்தைல என்னடா வாடை அடிக்கும்?"

"சாணி மிஸ். அப்புறம் பணியாரம் சுடற வாடை."

"வேற?"

"வெல சொல்றப்ப வாயில சொல்ல மாட்டாங்க மிஸ். துண்டுக்குள்ள கைய உட்டு வெரலப் புடிச்சே பேசிக்குவாங்க. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது. எங்கப்பாரு மூஞ்சியப் பாத்தே நாங் கண்டுபுடிச்சிருவேன்."

"இதை ஏன் எழுதல?"

அவன் உண்மையாகவே குழம்பிப்போய் உன்னைப் பார்த்தான். "இது கட்டுரையா மிஸ்?"

அன்று விடுதிக்கு நடந்து போகும்போது நீ, "அவன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நாமதான் அதுமேல ஜெராக்ஸை ஒட்டி வெச்சிருக்கோம்" என்றாய். எனக்குப் பசி. "சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றேன். சாப்பிடப் போனால் ஈ.

அந்த ஈயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஐப்பசி மழை பிடித்ததும் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் முட்டைக்கோழிப் பண்ணைகளிலிருந்து ஈக்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வரும். வரும் என்றால் பத்து இருபது இல்லை. சோற்றுத் தட்டின் விளிம்பே கறுத்துப்போகும். பிள்ளைகள் இடது கையால் விசிறிக்கொண்டே வலது கையால் சாப்பிடுவார்கள். நிர்வாகம் ஒட்டுத்தாள் வாங்கிக் கட்டியது. ஒட்டுத்தாளைப் பார்த்தால் சாப்பிடவே முடியாது. பண்ணைக்காரர்கள் பலருடைய பிள்ளைகளும் இதே பள்ளியில்தான் படிக்கிறார்கள் என்பதால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

நீ அதை வகுப்புக்குள் கொண்டுபோனாய். நான் அன்று பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் எட்டாம் வகுப்புக்கு உன்னைப் பார்த்துக் காப்பி அடிக்கலாம் என்ற எண்ணம். கரும்பலகையில் 'ஈ' என்று ஒரே எழுத்தை எழுதினாய். வகுப்பே சிரித்தது.

"இதைப் பத்தி எத்தனை விதமா எழுதலாம்?"

"ஒரே விதம்தான் மிஸ். அருவருப்பா!"

"சரி, அந்த அருவருப்பு எனக்கு வர்ற மாதிரி எழுது. ஆனா அருவருப்புங்கற வார்த்தை வரக் கூடாது. தட்டு எப்படி இருந்துச்சு, சத்தம் எப்படி இருந்துச்சு, அதை மட்டும் சொல்லு. அது வருணனை." அடுத்த நாள், "நேத்து மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துல என்ன நடந்துச்சு? யாரு முதல்ல எந்திரிச்சா, அப்புறம் என்ன ஆச்சு?" என்றாய். அது நிகழ்ச்சிக் கட்டுரை. பிள்ளைகள் இதிலெல்லாம் விளையாடிவிட்டார்கள். ஒரு பையன் ஈ பேசுவது போலவே எழுதினான். "எங்களுக்கும் விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை, வேறு வழியில்லை" என்ற வரியைப் படித்துவிட்டு நீ அவனுக்கு எழுந்து நின்று கைதட்டினாய்.

மூன்றாவதில்தான் வந்தது வினை. "இப்ப விளக்கக் கட்டுரை. ஈ ஏன் வருது? யாரையும் திட்டாத. யாருக்கும் பூ வைக்காத. எதுனால எது ஆச்சுன்னு மட்டும் வரிசையாச் சொல்லு" என்றாய்.

அந்த வகுப்பில் படித்த யாழினி எழுதினாள். அவள் அப்பாவின் பண்ணை பள்ளிச் சுவருக்கு நேர் பின்னால் இருக்கிறது. கூண்டில் கோழிக்குத் தண்ணீர் போகும் குழாய் ஒழுகுகிறது, ஒழுகிய தண்ணீர் கீழே குவிந்த எருவில் விழுகிறது, காய்ந்த எருவில் புழு வைக்காது, ஈர எருவில் வைக்கும், சுண்ணாம்புத் தூள் போட வேண்டிய ஆள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, மழையால் எரு ஏற்ற லாரி வரவில்லை, அதனால் ஈ. ஒரு பக்கம்கூட வரவில்லை. அதில் கோபம் இல்லை, உபதேசம் இல்லை. நீ அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாய். "சங்ககிரி, இந்தப் பள்ளிக்கூடத்துல எழுதப்பட்ட முதல் கட்டுரை இதுதான்."

மறுநாளே அவள் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ளையவே உட்டு எம்மேல கட்டுரை எழுத வெச்சிருக்கீங்களாமா?"

"உங்க மேல இல்லைங்க. ஈ மேல."

"ஈயி என்னோடதுதானுங்க!" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நீயும் சிரித்தாய். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "அவ எழுதுனது நெசந்தானுங்க. தண்ணிக் கொழா நிப்பிள் ஒழுகுது. மாத்தோணும். நாளைக்கே ஆள் உடறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நெசத்தையெல்லாம் எதுக்குங்க பள்ளிக்கோடத்துல எழுதோணும்? மார்க்குக்கு எழுதற எடத்துல மார்க்குக்கு எழுதுனாப் போதாதுங்களா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. குழாயையும் மாற்றினார், சுண்ணாம்பும் போட்டார். ஈ குறைந்தது. ஒரு கட்டுரை ஈயைக் குறைத்தது என்பதை நம் பள்ளியில் ஒருவரும் பேசவில்லை. தாளாளர் உன்னைக் கூப்பிட்டு, பெற்றோர் மனம் நோகும்படி எதுவும் நடத்தக் கூடாது என்றார். நான்காவது வகை, வாதக் கட்டுரை, உன் பாடக் குறிப்பிலேயே நின்றுபோனது. "என்ன செய்யலாம்னு எழுதச் சொல்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க" என்றாய். உன் அளவுக்கு எனக்கு அன்று கோபம் வரவில்லை. அது பிறகுதான் வந்தது.

கார்த்திகைக் கடைசி, குளிர் தொடங்கியிருந்தது. அரையாண்டுக்கு முந்தைய சிறப்பு வகுப்புகள். உனக்குக் காய்ச்சல். முதல் நாள் மாத்திரை போட்டாய். அடுத்த நாள் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாய். நான்தான் உன்னை முதல்வர் அறைக்குக் கூட்டிப்போனேன்.

"சார், லீவு வேணும். நிக்க முடியல."

"என்னம்மா இது, இந்த நேரத்துல? டென்த் ரிவிஷன் யாரு பாப்பா?"

"நான் பாக்கறனுங்க சார்" என்றேன்.

"உங்களுக்கு எட்டாவது இருக்குதில்ல? அரையாண்டு முடியட்டும்மா. அப்புறம் ரெண்டு நாள் சேத்தியே எடுத்துக்குங்க."

"நிக்க முடியல சார்" என்று நீ மறுபடி சொன்னாய்.

"உக்காந்து நடத்துங்க, யாரு வேணாங்கறா? சேர் போடச் சொல்றேன்."

போட்டார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நீ அதில் உட்கார்ந்து பாடம் நடத்தியதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். தலையை மேசையில் வைத்து வைத்து எடுத்தாய். வெள்ளிக்கிழமை மாலை நீ எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோ, பிறகு ஆம்புலன்ஸ், சேலத்தில் ஒரு மருத்துவமனை. டெங்கு என்றார்கள், ரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிட்டன என்றார்கள், தாமதமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார்கள். ஞாயிறு காலை எல்லாம் முடிந்தது. திங்கள்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம். அதன் பிறகு ரிவிஷன் நடந்தது.

தை பிறந்ததும் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "மலருக்கு மேடத்தைப் பத்தி நீங்க எழுதுங்க. நீங்கதான் குளோஸ். முன்னுரை, பிறப்பும் கல்வியும், பணிச் சிறப்பு, பண்பு நலன், முடிவுரை. ஒரு பக்கத்துக்கு மேல போக வேண்டாம்."

நான் உட்கார்ந்தேன். முதலில் உன்னை வருணித்தேன். உன் நடை, சாக்பீஸ் படிந்த உன் சேலைத் தலைப்பு, சிரிப்பை அடக்கும்போது நீ வாயைப் பொத்தும் விதம். படித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததாலேயே எரிச்சல் வந்தது. நீ இயல்பாக வாடி உதிர்ந்துவிட்டது போலிருந்தது. கிழித்தேன். பிறகு நிகழ்ச்சியாக எழுதினேன். அதில் நான் கதாநாயகி ஆகிவிட்டேன். நான் கூட்டிப்போனேன், நான் கேட்டேன், நான் சன்னலில் நின்றேன். அதையும் கிழித்தேன். வாதமாக எழுத எனக்குத் தைரியம் மட்டுமில்லை, பொறுமையும் இல்லை; இரண்டாவது வரியிலேயே வசவு வந்துவிட்டது.

கடைசியில் விளக்கமாக எழுதினேன். யாரையும் திட்டாமல், யாருக்கும் பூ வைக்காமல். காய்ச்சல் வந்தது. விடுப்புக் கேட்டார். முதல்வர் மறுத்தார். மாற்று ஆள் இருந்தும் அனுப்பவில்லை. நாற்காலி கொடுத்தார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாட்களில் வகுப்பில் இருந்தார். தாமதம் என்று மருத்துவர் சொன்னார். இறந்தார். கூடவே யாழினியின் கட்டுரையைப் பற்றியும், ஈ குறைந்ததைப் பற்றியும் எழுதினேன். அதுவும் காரணமும் விளைவும்தானே.

முதல்வர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"மிஸ், இது இரங்கல் கட்டுரையா, எஃப்.ஐ.ஆரா?"

"விளக்கக் கட்டுரைங்க சார்."

"கோவம் இருக்கும், புரியுது. ஆனா இது சுவனீர். பேரண்ட்ஸ் பாப்பாங்க. இந்த நடுவுல இருக்கறத எடுத்துட்டு, முடிவுரைய மட்டும் கொஞ்சம் நெகிழ்ச்சியா மாத்திக் குடுங்க."

"மாத்த மாட்டேனுங்க சார். வேண்டாம்னா போடாதீங்க."

"சரி விடுங்க, பாத்துக்கலாம்" என்றார். போட மாட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

இப்போது மலரில் இருப்பது என்ன தெரியுமா, கெங்கவல்லி? "மாதா, பிதாவுக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றப்படுபவர் ஆசிரியர். மெழுகுவர்த்தி தன்னை உருக்கி ஒளி தருவது போல..." உனக்கு இந்த வரி தெரிகிறதா? அந்த ஜெராக்ஸ் கட்டின் ஐந்தாவது கட்டுரை. ஆசிரியர் பணி. 'ஆசிரியர்' என்று வரும் இடங்களில் உன் பெயரைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு இடத்தில் அதையும் மறந்து 'ஆசிரியராகிய அவர்கள்' என்றே விட்டிருக்கிறார்கள். சந்தைக்குப் போன பையன் சாலையைப் பிடித்துக்கொண்டு போனது போல, உன் சாவையும் வளைத்து ஐந்தில் ஒன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். முழுக் கட்டுரையிலும் உன்னைப் பற்றிய ஒரே ஒரு புது வரி: "நோயுற்ற நிலையிலும் நாற்காலியில் அமர்ந்தபடியே பாடம் நடத்திய அவரது தியாகம் என்றும் போற்றத்தக்கது."

முதல்வரிடம் போய் நின்றேன். "என் பேரு எதுக்குங்க சார்?" என்றேன். "நீங்கதானம்மா எழுதறதா இருந்துச்சு. அச்சுக்குப் போற அவசரத்துல அப்படியே போயிருச்சு. நல்லதாத்தான வந்திருக்குது?" என்றார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அதுதான் என்னைப் பைத்தியமாக்குகிறது. வேண்டுமென்று பொய் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போடலாம். இந்த ஆளுக்குக் கட்டுரை என்றாலே அதுதான். யார் எதற்குச் செத்தாலும் உட்தலைப்பு ஐந்துதான்.

அதைப் படித்துத்தான் உன் தங்கை முடிவெடுத்திருக்கிறாள்.

நேற்று ஆத்தூரில் இறங்கி வேறு பஸ் மாறி உன் ஊருக்குப் போனேன். உன் அப்பா அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து, உன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். "நல்லா எழுதியிருக்க பாப்பா. ஊர்ல எல்லாரையும் கூப்ட்டுக் காட்டினேன்." எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்ததும் அவரிடமும் என்னைக் காட்டி, "இந்தப் பாப்பாதான் எழுதுனது" என்றார்.

உன் தங்கையை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனேன். உன் அம்மா அங்கே மக்காச்சோளத்தைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். அழக் கூடாது, திட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையாகச் சொன்னேன். நாற்காலி வரை வந்ததும் உன் அம்மாவின் கை நின்றுவிட்டது.

"லீவு கேட்டிருக்கேம்மான்னு போன்ல சொன்னா கண்ணு. குடுத்தாங்களான்னு கேட்டேன். குடுப்பாங்கம்மான்னா. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல. அந்தக் கட்டுரைல அதை ஏன் எழுதலன்னு நானே உன்னக் கேக்கணும்னு இருந்தேன்."

"நான் எழுதினேம்மா. அவங்க போடல."

உன் தங்கை கேட்டாள். குரலில் உன் குரல் இருந்தது. "அப்ப உங்க பேரு எதுக்குக்கா அதுல?"

"என்னைக் கேக்காமப் போட்டாங்க."

"போட்ட பிறகு நீங்க என்ன பண்ணீங்க?"

"போய்க் கேட்டேன். அவருக்குப் புரியல."

"அப்ப ஏன் இன்னும் அங்கயே இருக்கீங்க?"

"வேற எங்க போறது? சுத்தி இருக்கற அத்தனை பள்ளிக்கூடமும் இதே பள்ளிக்கூடம்தான். பேரு மட்டும்தான் வேற."

"எனக்கு மட்டும் வேற எடம் இருக்குதாக்கா?"

சேராதே என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் போனேன். அவளும் பி.எட். முடித்துவிட்டாள். தகுதித் தேர்வு எழுதிவிட்டாள். அவளும் 'வரும்வரை' என்ற அதே வரிசையில் நிற்கிறாள். சேராதே என்றால் அதற்குப் பிறகு ஒரு வரி வேண்டும். அந்த வரி என்னிடம் இல்லை, இந்த நாட்டிலேயே யாரிடமும் இல்லை போலிருக்கிறது.

அவள் எழுந்து உள்ளே போனாள். கத்தரிக்கோலை எடுத்து, சுவரிலிருந்து அந்த லேமினேட்டை இறக்கி, அடியில் என் பெயர் இருந்த பட்டையை மட்டும் வெட்டினாள். உன் அப்பா பதறிவிட்டார்.

"என்ன பாப்பா பண்ற!"

"இது இந்த அக்கா எழுதுனது இல்லப்பா."

"அப்ப யாரு எழுதுனது?"

"யாரும் எழுதலப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மீதியை வாங்கி அதே ஆணியில் மாட்டினார். படத்துக்காக மாட்டினாரா, எழுத்துக்காக மாட்டினாரா என்று தெரியவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை.

பஸ் ஏற்றிவிட உன் தங்கை வந்தாள். வழியில் நான் எழுதியதை என் போனில் படித்தாள். முடித்துவிட்டு, "ஈ குறைஞ்சுது பாருங்க, அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கக்கா சொன்னதே இல்ல" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

பஸ் வந்தது. "நான் வரேன்க்கா. சேந்துடறேன். ஆனா ஒண்ணு. காய்ச்சல் வந்தா லீவு கேக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறிடுவேன். வேலைய விட்டு எடுத்தா எடுக்கட்டும்."

நான் தோற்றுவிட்டேனா, கெங்கவல்லி? அவளைத் தடுக்கப் போனேன், தடுக்க முடியவில்லை. தெரியாமல் வரவிருந்தவள் தெரிந்தே வருகிறாள், அவ்வளவுதான். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஊர் திரும்பும் வழி முழுக்க எனக்கு ஆத்திரம்தான்.

ஆனால் உன்னிடமிருந்து வாங்கிய ஒன்றை நான் இன்னும் சுமக்கிறேன். எந்த விஷயத்துக்கு எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்ற புத்தி அது. அதை எங்கே பயன்படுத்துவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். ஜூனில் அவள் வருவாள். என்றைக்காவது ஒரு நாள் அவள் முகம் சிவந்து, கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சொல்லி வண்டி ஏறிவிடுவாள். அன்றைக்கு நான் யாருடைய அறைக்கும் போய் நிற்க மாட்டேன். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு அவள் வகுப்புக்குள் போவேன். பெஞ்சுக்கு ஐந்து பேராக நெருக்கி உட்காரச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போடுவேன்:

உங்கள் தமிழாசிரியர் இன்று ஏன் வரவில்லை? விளக்கி எழுதுக.